எவ்வளவு கிட்ட?

"எவ்வளவு தூரம் எட்டும்னு நான் கேக்கல தம்பி. எவ்வளவு கிட்ட எடுக்கும்?"

கேமரா கடைக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. பறவைகளைப் படமெடுக்க வருகிறவர்கள் எல்லோரும் தூரத்துக்குத்தான் ஆசைப்படுவார்கள். ஏரிக்கு அக்கரையில் நிற்கும் கொக்கின் கண்ணில் தூசி விழுந்தால் தெரியுமா என்று கேட்ட புண்ணியவான்கூட உண்டு. இந்தப் பெரியவர் என்னடாவென்றால் நேர் எதிராகக் கேட்கிறார்.

சும்மா பொழுதுபோக்க வந்த ஆளும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் பயணமாம், லென்ஸ் இன்றைக்கே கைக்கு வர வேண்டுமாம். கடையிலேயே நீளமான லென்ஸை ஒரு கேமராவில் மாட்டிக் கொடுத்தார் கடைக்காரர். மற்றவர்கள் என்றால் அதை வாசல் பக்கம் திருப்பி, எதிர் மாடியில் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பார்ப்பார்கள். பெரியவரோ பக்கத்து நாற்காலியைக் காட்டி, கடைக்காரரையே வந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். தோளோடு தோள் இடிக்காத குறைதான்.

"உங்க முகம் கலங்கலா தெரியுதே."

"பின்ன? இதுக்கெல்லாம் பதினஞ்சு அடியாவது தள்ளி நிக்கணும் சார். எந்தப் பறவை உங்க பக்கத்துல வந்து உக்காந்து போஸ் குடுக்கப் போகுது?"

பெரியவர் சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். அதுவும் கலங்கல். அதற்கடுத்ததும் அதே கதை. நடுநடுவே அவர் பேச்சு பழைய காலத்துக்குப் போய்விட்டது. அவரும் மனைவியும் இருட்டோடு இருட்டாக ஏரிக்கரைக்குப் போய், நாணல் மறைவில் ஒரே பாயில் உட்கார்ந்துவிடுவார்களாம். இவர் கையில் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ். ஆனால் பறவையைக் கண்டுபிடிப்பது என்னவோ அந்த அம்மாள்தான். வாயைத் திறந்தால் பறந்துவிடுமே என்று, முழங்கையால் இவர் விலாவில் ஓர் இடி. சாதாரண மீன்கொத்திக்கு ஓர் இடி. அபூர்வமாக ஏதாவது வந்துவிட்டால் விலா எலும்பு மிஞ்சாது.

"அவ இடிச்ச இடியில ஆடிப்போன படம் எத்தனையோ. வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனா அந்த மாதிரி சந்தோஷம் வேற எதுலயும் இல்ல தம்பி."

கடைக்காரருக்கே மனசு இளகிவிட்டது. உள்ளே போய், பறவைக்காரர்கள் யாரும் சீண்டாத ஒரு லென்ஸைத் தூசி தட்டி எடுத்து வந்தார். ஒன்றரை அடியில் இருப்பதும் பளிச்சென்று விழும், ஆனால் அக்கரைப் பறவையெல்லாம் பொட்டு மாதிரிதான் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பெரியவர் அவரை மறுபடி உட்கார வைத்துப் பார்த்தார். காலையில் சவரம் செய்யும்போது பட்ட கீறல்வரை தெரிந்தது.

"இதுதான். கட்டிக் குடுங்க."

"அவசரப்படாதீங்க சார். நாளைக்குப் பறவை சரியா விழலேன்னா அம்மா என்னைத்தான் திட்டுவாங்க. ஒரு வார்த்தை போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

பெரியவர் கேமராவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பயணம் எனக்கில்ல தம்பி, என் பொண்ணுக்கு. கல்யாணமாகி இப்பத்தான் முதல் தடவையா பறவை பாக்கப் போறா. மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்திருப்பாரு" என்றார். "போன வருஷம் என் வீட்டுக்காரி போனதும், பறவையைப் பாத்து சிரிப்பாளே, அந்த முகத்தை நான் எடுத்த படத்துலயெல்லாம் தேடினேன். பெட்டி பெட்டியா பறவைங்கதான் இருக்கு. அவ என் லென்ஸுக்கு ரொம்பக் கிட்ட இருந்துட்டா."