மேட்டுக் குழாய்

பொதுக்குழாய்க்காகக் கோயில் முக்கில் கிருபாசங்கர் போட்ட சுண்ணாம்புக் கோட்டை ஊர்ப் பெண்கள் மூன்றாவது முறையாக அழித்துவிட்டு, தம்பிதுரை வீட்டு வாசலில் புதிதாக ஒன்று போட்டிருந்தார்கள்.

வெளிநாட்டு நிதியில் நடக்கும் குடிநீர்த் திட்டத்துக்கு அவர் இன்ஜினியர். நாளை காங்கிரீட் போட்டாக வேண்டும். முப்பது வருஷம் குழாய் வைத்ததில் அவர் கற்றது ஒன்றுதான். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும். மனுஷன் வசதியைப் பார்த்து ஓடுவான்.

"ஏனுங்கம்மா, கோயில் முக்குல வெச்சா எல்லாருக்கும் பக்கம். இந்த மேட்டுல ஒரு கொடம் நெறையவே கால் மணி நேரம் ஆகுமுங்க."

"ஆகட்டுங்க," என்றாள் தண்ணீர்க் குழுத் தலைவி காளியாத்தாள்.

தம்பிதுரை வெளியே வந்தார். பத்து விசைத்தறிக்கு முதலாளி. வெள்ளை வேட்டி, கும்பிட்ட கை.

"நம்மூட்டு வாசல்ல வேண்டாமுங்க சார். பொது எடமாப் பாத்து வைங்க."

கிருபாசங்கர் உருகிப்போனார். நல்லவர்களைக் கண்டால் தன்மேலேயே சந்தேகம் வந்துவிடும் அவருக்கு. இப்போதெல்லாம் எந்தத் திட்டமானாலும், பெண்களை அடிப்பதைத் தடுக்கவும் ஏதாவது செய்தால்தான் நிதி. குழாய்க்கும் அடிக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமல், ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்.

"நாளைக்குக் கூட்டத்துக்கு நீங்கதான் தலைமை தாங்கோணும்."

"அதுக்கென்னுங்க. பொம்பளைங்களத் தெய்வமா மதிக்கோணுமுங்க," என்றபடி தம்பிதுரை உள்ளே போனார். வீட்டை ஒட்டிய கொட்டகையில் தறிகள் ஓடத் தொடங்கின. காது அடைத்தது.

"பாத்தீங்களா? அவரே வேண்டாங்கறாரு. நீங்க எதுக்கு இப்படிக் காக்கா புடிக்கறீங்க?"

காளியாத்தாள் அவர் காதருகே வந்து சொன்னாள்.

"இந்தச் சத்தத்துல உள்ள யாராச்சும் கத்துனாக் கேக்குமுங்களா?"

"எப்படிங்க கேக்கும்?"

"அதுக்குத்தான், தறிய ஓட உட்டுப்போட்டு அவன் பொண்டாட்டி லோகப்பிரியாவ அடிக்கறானுங்க. போன மாசம் கையை ஒடிச்சுப்போட்டான். நியாயம் கேக்கப் போனவளுகள வாசலோட அனுப்பீட்டான். குழாய் இங்க வந்துட்டா, சொம்பு குடு, சும்மாடு குடுன்னு ஒருத்தி மாத்தி ஒருத்தி உள்ள போயிட்டே இருப்போமுங்க. அப்புறம் அவன் எப்பங்க கையை ஓங்கறது?"