ஹாலோவே துப்பாக்கி

எஸ்டெல் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கடை மேசைமேல் தொப்பென்று போட்டாள்.

பதினொரு வருடம். அப்பா செத்த வாரத்திலிருந்து அண்ணன் ஹார்லன் இதைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. அவளும் அவனோடு பேச்சை விட்டாள். போன மாதம் அவன் சாவுக்கும் போகவில்லை. நேற்று அண்ணி இதைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

"விக்கிறதுக்கு இல்ல. எவ்வளவு பெரிய சொத்த அமுக்கிட்டு உக்காந்திருந்தான்னு எனக்குத் தெரியணும்."

துப்பாக்கிக் கடை பிரிட்செட் அதில் குத்தியிருந்த 'ஹாலோவே' என்ற பெயரைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, ஹாலோவே துப்பாக்கி செஞ்சவரே இல்ல. ஆணியும் வாளியும் வித்த கடைக்காரரு. ஃபேக்டரில மொத்தமா வாங்கி, தன் பேரக் குத்தி வித்தாரு. இதே சரக்கு நூறு கடைக்காரங்க பேர்ல கெடக்கு. அம்பது டாலர் தேறும், அதுவும் சுவத்துல மாட்ட."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐம்பது டாலருக்கா கூடப்பிறந்தவளைத் தலைமுழுகினான், அற்பப் பயல்? கல்லறைக்கே போய் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் போலிருந்தது.

இருக்கட்டும். புத்தாண்டு பிறந்ததும் அப்பா வாசலில் நின்று, அந்தக் காலத்துக் கரிமருந்தைத் தானே அடைத்த தோட்டாவை வானத்தைப் பார்த்துச் சுடுவார். இந்த வருடம் அவள் சுடுவாள்.

பிரிட்செட் இடது குழலின் அடியில் தடிமனாகச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தான். அவன் சிரிப்பு நின்றது.

இரும்பு ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து, வெளிப்பக்கமாக விரிந்திருந்தது.

"கரிமருந்துக்குன்னு செஞ்ச குழல் இது. யாரோ இந்தக் காலத்துத் தோட்டாவப் போட்டிருக்காங்க, அந்த வேகத்த இது தாங்காது. இடது கையால தாங்கிப் பிடிக்கிற எடம், அக்கா."

ஹார்லனின் இடது கையில் இரண்டு விரல் கிடையாது. அப்பாவை அடக்கம் செய்த மறுநாள், மர மில்லில் ரம்பம் வெட்டிவிட்டது என்றான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மில் பூட்டியிருந்திருக்கும் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அப்பா துப்பாக்கிய நாந்தான் கெடுத்தேன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே, பாவி!"

அவள் போட்ட சத்தத்தில் பிரிட்செட் இரண்டடி பின்வாங்கினான்.

அவள் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, புத்தாண்டுக்கென்று காலையில் வாங்கிய, இந்தக் காலத்துத் தோட்டாக்கள் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.