கைக்குட்டை அளவு வெள்ளைத் துணி

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவன் நின்றான்.

சட்டைப் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் கைக்குட்டை அளவு வெள்ளைத் துணி.

பெட்டிக்குள் மகள். குறைமாதத்தில் வந்தவள். பெயர் இன்னும் வைக்கவில்லை. வெளியே ஒட்டியிருந்த அட்டையில் ‘ஆவுடைத்தாய் குழந்தை’ என்று இருந்தது.

ஆவுடைத்தாய் போன வெள்ளிக்கிழமை இறந்துபோனாள்.

இன்று மகளுக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும்.

அம்மாவின் வாசனை பக்கத்தில் இருந்தால் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஊசி வலி குறையுமா? அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில பிள்ளைகளின் முகத்தருகே வெறும் துணி. சில பிள்ளைகளுக்கு, அம்மா ஓர் இரவு முழுக்க நெஞ்சில் வைத்திருந்த துணி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது.

தன் பிள்ளைக்கு இரண்டாவது விழுந்தபோது ஆவுடை பரிசு விழுந்தவள் மாதிரி சிரித்தாள்.

துணி நெஞ்சில் இருக்கும் இரவில் அம்மாவுக்குச் சோப்பு கூடாது. பவுடர் கூடாது. தலையில் பூ கூடாது.

பிரசவத்தோடு அவள் இதயம் களைத்துப்போயிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலை விட்டு எழுந்திருக்க விடவில்லை. பிள்ளையை அவள் பார்த்தது ஒரே தடவை, பிறந்த அன்று, யாரோ தூக்கிக்கொண்டு ஓடும்போது.

துணிதான் போய் வந்தது. கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு அவன் கொண்டுபோனான்.

“நல்லவேளை, உங்க வாசனையைக் கேக்கல. பிள்ளை பயந்து போயிரும்” என்பாள் ஆவுடை.

அவன் பைக் மெக்கானிக். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தால் நேராகப் பின்கட்டுக் குழாயடிக்குத்தான் போகவேண்டும். குளித்து வருபவனை வாசற்படியில் நிறுத்தி மோந்து பார்ப்பாள். பாதி நாள் திருப்பி அனுப்புவாள். மறுபடி தேய்த்துக்கொண்டு வருவான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

கடைசித் துணியை அவள் நெஞ்சிலிருந்து நர்ஸ்தான் எடுத்துக் கொடுத்தாள். அவன் மாடிக்குப் போவதற்குள் கீழே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டில் பெண்கள் அவளை மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். புதுச்சேலை உடுத்தினார்கள். தலை நிறையப் பூ வைத்தார்கள்.

குனிந்து பார்த்தான். யாரோ போல மணந்தாள்.

மறுநாள் அவனுடைய அக்கா, தீட்டு என்று, அவள் சேலைகளையும் நைட்டிகளையும் ஒன்று விடாமல் ஊறவைத்துத் துவைத்துப் போட்டுவிட்டாள். நல்ல மனசோடுதான் செய்தாள். அவன் கொடியருகே போய் ஒவ்வொன்றாக முகத்தில் வைத்துப் பார்த்தான். எல்லாம் ஒரே சோப்பு.

மிச்சம் இந்தத் துணி.

ஒரு தடவை உறையைத் திறந்தான். உடனே மூடிவிட்டான். தீர்ந்துவிடும் என்று பயம்.

நேற்றே ஜெசிந்தா சிஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா இல்லாததால் அவன் பிள்ளையை ஆய்விலிருந்து விலக்கிவிட்டார்களாம். துணியை இனி யாரும் கேட்கமாட்டார்களாம். வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளலாமாம்.

வைத்துக்கொள்ளத்தான் நினைத்தான். இருந்தும் காலையில் கிளம்பும்போது கை அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது.

சிஸ்டர் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். அவன் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பாதத்தைப் பஞ்சால் துடைத்தார். ஈரம் பட்டதுமே மகளின் முகம் சுருங்கியது. வாய் திறந்தது. அழுகை பூனைக்குட்டியின் சத்தம் போல வந்தது.

அவன் உறையை எடுத்தான்.

சிஸ்டரின் கை நின்றது.

“யோசிச்சுக்கிடுங்க தம்பி. பிரிச்சா போயிரும்.”

அவன் பிரித்தான்.

உள்ளே வருமுன் வார்டுக் குழாயில் கை கழுவியபோது எண்ணியது, கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோகவேண்டும் என்று.

கொண்டுபோகவில்லை.

நேரே உள்ளே நீட்டினான். சிஸ்டர் வாங்கி மகளின் கன்னத்தோரம் மடித்து வைத்தார். ஊசி குத்தியது. ஒரு பொட்டு ரத்தம். வலி குறைந்ததா என்று அவனுக்குத் தெரியாது. அதை அளக்க அன்று யாரும் இல்லை.

மகள் முகத்தைத் திருப்பினாள். துணியில் மூக்கைப் புதைத்தாள். அப்படியே கிடந்தாள்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பாலுக்கான நேரமாகி ஒவ்வொருவராகப் படியேறி வந்துகொண்டிருந்த அம்மாக்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கிளம்பும்போது, துணியைத் திருப்பித் தரவா என்று சிஸ்டர் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, அதே அளவில் இன்னொரு வெள்ளைத் துணியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“ராத்திரி நெஞ்சுல வச்சுக்கிட்டுப் படுங்க. காலையில கொண்டாங்க.”

“என் மேல பெட்ரோல் வாடைதான் அடிக்கும் சிஸ்டர்.”

“அடிக்கட்டும். இனி அவ தேடப்போறது அதைத்தானே.”

சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் பின்கட்டுக் குழாயடிக்குப் போனான். வாளியில் தண்ணீர் பிடித்தான். பழக்கத்தில் கை சோப்பை எடுத்தது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு சுவர்ப் பிறையிலேயே திரும்ப வைத்துவிட்டான்.

வெறும் தண்ணீரில் குளித்தான்.

துடைத்துக்கொண்டு வாசற்படி வரை வந்தவன் அங்கே நின்றான்.

கொஞ்ச நேரம் நின்றான்.

யாரும் திருப்பி அனுப்பவில்லை.

துணியை நெஞ்சில் வைத்து, மேலே பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே போனான்.