குறுக்கே கிடந்த பெயர்

கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

பக்கத்தில் வந்ததும் முகத்தைக் காணவில்லை.

ஆறடி உயர ஃப்ளெக்ஸ். தெருமுனையில் மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்து முகமாகத்தான் தெரிந்தது. கிட்டே வந்தால் வெறும் சதுரங்கள். கண் இருந்த இடத்தில் கறுப்பாக ஒன்று. உதட்டில் பழுப்பாக இரண்டு. கன்னத்தின் குறுக்கே, ஈரத்துணியால் யாரோ துடைத்துவிட்டதுபோல ஒரு தீற்றல்.

அந்தத் தீற்றல் இருந்த இடத்தில்தான், படம் எடுத்தவள் என்று அவள் பெயர் முன்பு இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, இந்த ஊருக்கு வெளியே இருக்கும் உப்பளத்தில் அவள் எடுத்த படம்.

அதற்கும் முந்தைய வருடம் அவளுடைய படமொன்றை யாரோ ஒருவன் தன் பெயரில் போட்டிக்கு அனுப்பிப் பரிசு வாங்கிவிட்டிருந்தான். எவ்வளவோ எழுதிப் பார்த்தாள். ஒருவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து இணையத்தில் போடும் எந்தப் படத்தையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாள். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள் என்று முகத்தின் மேலேயே தன் பெயரைப் போட்டாள்.

இந்த ஃப்ளெக்ஸைத் தோழி ஒருத்தி பஸ்ஸிலிருந்து பார்த்து, போனில் பிடித்து அனுப்பியிருந்தாள்.

முதலில் திருட்டுதான் கண்ணில் பட்டது. சாவு பிறகுதான்.

பையில் ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொடுக்கவேண்டிய வக்கீல் நோட்டீஸ் இருந்தது. சாட்சிக்குத் தெளிவாக ஒரு படம் வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் மதுரையிலிருந்து வந்திருந்தாள்.

மேலே, கண்ணீர் அஞ்சலி. கீழே, லிங்கக்கனி.

பெயரை இப்போதுதான் நிதானமாகப் படித்தாள். அவளுடைய கணினியில் அந்தப் படத்தின் பெயர் ‘உப்பு 27’.

“எங்கம்மைக்குத் தெரிஞ்சவியளா?”

எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் பாதி துலக்கிய குத்துவிளக்கு. பதினாறாம் நாள் விசேஷம் நேற்றுதான் முடிந்திருக்கவேண்டும். வாடகை நாற்காலிகள் இன்னும் திரும்பிப் போகவில்லை.

வந்தவள் தலையை எப்படியோ அசைத்தாள்.

“நான் மாரிச்செல்வி. ஒரே மக.” அந்தப் பெண்ணும் ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். “படம் சரியில்ல, என்னக்கா? எங்க மதினி போனுக்கு எப்பவோ வந்தது. சின்னப் படம். பெருசாக்கவும் ஒடஞ்சு போச்சு. எடுத்த பொம்பள அம்மை மூஞ்சிக்கு மேலயே தன் பேரப் போட்டு வச்சிருந்தா. கடைக்கார அண்ணன் அழிக்க மாட்டேன்னுதான் சொன்னாவ. நாந்தான் கெஞ்சி அழிக்கச் சொன்னேன்.”

“வேற படம் இல்லையா?”

“ஆதார்ல ஒண்ணு இருக்கு. அதுல அம்மை பயந்து போயிருக்கா.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கேமராவை மூடியிட்டுப் பையில் வைத்தாள். வைக்கும்போது நோட்டீஸ் கையில் உரசியது.

சொல்லாமலே திரும்பிப் போய்விடலாம்.

“அந்தப் படத்த நான்தாம்மா எடுத்தேன்.”

மாரிச்செல்வி விளக்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த அண்ணன ஒண்ணும் செஞ்சிராதிய. செஞ்சது நாந்தான்.”

வந்தவள் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள். நாற்காலி அடுக்கின் மேல் வைத்துத் திறந்தாள். சுருக்காத, பெயர் போடாத படத்தைத் தேடி எடுத்தாள்.

திரை முழுக்க லிங்கக்கனி.

இமைமுடியில் ஒட்டியிருந்த உப்புப்பொடி தெரிந்தது. உதட்டு வெடிப்பு தெரிந்தது. மூக்குத்தித் துளையில் செருகியிருந்த ஈர்க்குச்சி தெரிந்தது. பெயர் கிடந்த கன்னத்தில், அரிசியளவில் ஒரு தழும்பு.

மாரிச்செல்வி அழவில்லை. விளக்கைக் கீழே வைத்தாள். புளி ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு ஒரு விரலைத் திரையில் படாமல் தழும்புக்கு நேரே நீட்டினாள்.

“இது நான் பண்ணுனது. சின்னதுல கரண்டிய வீசிட்டேன்.”

விரல் அங்கேயே நின்றது.

“இன்னைக்கே பெருசா அடிச்சுத் தரேன்,” என்றாள் அவள். “பேர் எதுவும் இல்லாம.”

மாரிச்செல்வி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

“வாய் லேசாத் தொறந்திருக்கு, பாத்தியளா? ஒங்ககிட்ட என்னமோ கேக்குறா. என்னக்கா கேட்டா?”

அவளுக்கு நினைவிருந்தது. லிங்கக்கனி பாத்தி வரப்பில் நின்றபடி, வாரிய உப்பைக் கூடையில் தட்டிக்கொண்டே கேட்டது. அன்று இவள் பேரையும் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டையும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறந்துபோச்சு என்று சொன்னால் மாரிச்செல்வி நம்பிவிடுவாள்.

“இதுல ஒண்ணு எங்க வீட்டுக்குக் குடுப்பியளான்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னிய?”

“தரேன்னு சொன்னேன்.”

மாரிச்செல்வி விரலை இழுத்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

பிறகு குனிந்து விளக்கை எடுத்தாள்.

“உள்ள வாங்க,” என்றாள். “வெயிலு.”

செருப்பின் வாரை அவிழ்க்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.