பிற பிடித்தம்

“என் சம்பளத்துல கம்பெனிக் கடன் பிடித்தத்தை யாரைக் கேட்டு நிறுத்துன?”

லேத் மெஷின் ஓட்டும் அண்ணன் போட்ட சத்தத்தில் ஆபீஸ் அறையே திரும்பிப் பார்த்தது.

சம்பளக்கா தன் காதையே நம்பவில்லை. சம்பளம் போடுகிறவள் என்பதால் பட்டறை மொத்தமும் சேர்ந்து வைத்த பெயர் அது. ஏன் பிடித்தாய் என்று சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் அவள். ஏன் பிடிக்கவில்லை என்று சண்டைக்கு வந்த முதல் ஆள் இவர்தான்.

“அண்ணே, உங்க கடன் போன மாசத்தோட அடைஞ்சு போச்சு. கடைசித் தவணை ஏறினதும் சாஃப்ட்வேர் தானா நிறுத்திடும். முழுச் சம்பளத்தை வாங்கிட்டுச் சந்தோஷமாப் போங்க.”

“எனக்கு முழுச் சம்பளம் வேணாம். அடையலைன்னு போடு. வழக்கம்போலப் பிடி. பிடிச்ச பணத்தை இந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்பு.”

கிரீஸ் கறையோடு ஒரு துண்டுச் சீட்டு மேஜைக்கு வந்தது. அக்கவுண்ட் ஒரு பெண் பெயரில் இருந்தது. பி.எஃப். நாமினியாக இருக்கும் அண்ணியின் பெயர் இல்லை அது.

சம்பளக்காவுக்கு மூக்கில் வேர்த்தது.

“சம்பளச் சீட்டை வீட்டுல யாரு பார்ப்பா?”

“அவதான். வரி வரியாப் படிப்பா. அதுக்குத்தானே உன்கிட்ட வந்திருக்கேன்!”

பக்கத்து மேஜை ஸ்டோர் கீப்பர் வாயைப் பொத்திக்கொண்டார். “இந்த வயசுல அண்ணனுக்கு வந்த வாழ்வைப் பாரு!”

“முடிஞ்ச கடனுக்குப் பிடித்தம் போட மாட்டேன். முதலாளியே வந்து நின்னாலும் போட மாட்டேன்.”

“போடுற வரைக்கும் நான் மெஷின்ல கை வைக்க மாட்டேன்.”

“வைக்காதீங்க. அதுக்கும் ஒரு பிடித்தம் இருக்கு.”

அண்ணன் எதிர் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

அவசரத்துக்குக் கூப்பிட என்று அண்ணியின் நம்பர் சாஃப்ட்வேரிலேயே இருந்தது. சம்பளக்கா போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனாள்.

“அண்ணி, நான் சொல்லக் கூடாதுதான். சொல்லலைன்னா எனக்குத் தொண்டையில சோறு இறங்காது.”

பெயர் உட்பட எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.



“அது எங்க அம்மா பேரும்மா.”

“அம்மாவா? அப்புறம் எதுக்கு உங்ககிட்ட மறைக்கிறாரு?”

“இருந்ததையெல்லாம் என் தம்பிக்கு எழுதி வச்சவங்க அவங்க. அவன் வித்துத் தின்னுட்டு ஓடிட்டான். அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னு இவர்கிட்ட நான்தான் சத்தியம் வாங்குனேன். மனுஷன் கேட்டாத்தானே! கூரை மாத்தணும்னு சொல்லித்தான் அந்தக் கடனை வாங்குனாரு. அதே மாசம் எங்கம்மாவுக்கு இடுப்பு ஆப்பரேஷன். எங்க கூரை இன்னைக்கும் ஒழுகுது. அதுக்கடியில பாத்திரம் வைக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?”



“அப்போ... பிடிக்க வேணாம்னு சொல்லிடவா, அண்ணி?”

“ஏன், நான் நிறுத்தச் சொன்னேனா?” குரல் விறைத்தது.

“இல்ல, கடன்னு பொய் போட முடியாது. ‘பிற பிடித்தம்’னு ஒரு கட்டம் இருக்கு. அவர் எழுதிக் கொடுத்தா அதுல போடலாம். ஆனா சீட்டுல தெரியுமே!”

“அந்த வரி வரும்போது எனக்குக் கண்ணு மங்கிடும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. எனக்கு அந்தம்மா மேல ஒரு பிடித்தமும் கிடையாது. சாகுற வரைக்கும் பேச மாட்டேன்.”

“சரிங்க அண்ணி.”

“மாத்திரை விலையெல்லாம் ஏறிக் கிடக்கு. கொஞ்சம் கூட்டியே பிடி. அவர் கேட்டா, சாஃப்ட்வேர் கோளாறுன்னு சொல்லிடு.”