முன்னே வந்தவர்

"நனையாதீங்கய்யா, உள்ள வாங்க. மழை விட்டாத்தானே படகு கிளம்பும்?" என்றார் கல்தச்சர்.

அயலூர்க்காரர் மூட்டையை மார்போடு அணைத்தபடி கொட்டகைக்குள் நுழைந்தார். சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைப் பற்றி ஏழு வருடங்களாக இந்த ஊரில் பேசிப் பார்த்தாயிற்று. ஒருவரும் காது கொடுக்கவில்லை. 'காத்தோட பேசுறவர்' என்ற பெயர்தான் மிச்சம். இன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிறந்த மண்ணுக்கே திரும்புகிறார்.

"அப்போ போறீங்களாக்கும்? இனிமே காத்துக்கு யாருங்க துணை?" தச்சரின் மனைவி உள்ளிருந்து கேலி செய்தாள்.

அவர் சிரிக்க முயன்றார். அப்போதுதான் சுவரில் சாய்ந்திருந்த அந்தக் கல்லைப் பார்த்தார். சாரலில் நனைந்து, கறுத்து, கண்மூடித் தூங்குவதுபோல் இருந்தது. அதன் மேல் உளியால் மெலிதாக, நெடுக்கே ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு.

மழைச் சத்தம் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது.

"இதை... உங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"

"எங்கப்பா."

"அவருக்கு?"

"அவங்கப்பா. வழிவழியா வர்றதுதாங்கய்யா."

அப்படியானால் தனக்கு முன்பே யாரோ இங்கே வந்திருக்கிறார். தன்னைப்போலத் தனியாக, இதே மழையில், இதே சேற்றில் கால் புதைய. அவருடைய முகம்கூடத் தெரிவதுபோல் இருந்தது.

"எப்பெல்லாம் போடுவீங்க?"

"கல்லைத் தொட்டா மொத வேலையே இதுதான். இதைப் போடாம உளியை எடுத்தா எல்லாமே கோணலாப் போயிடும்னு அப்பா சொல்லுவாரு."

அயலூர்க்காரர் மண்டியிட்டார். நெற்றியைக் கல்லில் வைத்தார். தோள்கள் குலுங்கின. நெடுநேரம் எழவில்லை. தச்சர் பார்த்துக்கொண்டே நின்றார்.

மழை விட்டது. படகுக்காரன் குரல் கொடுத்தான்.

அவர் மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுத் துறைக்கு ஓடினார். "நீ போப்பா! நான் வரல! இங்கதான் இருக்கப்போறேன்!"

படகு சாம்பல் நிறத் தண்ணீரில் சிறுத்து, புள்ளியாகி, கரைந்துபோகும்வரை பார்த்திருந்துவிட்டுத் திரும்பினார். கொட்டகை வாசலில் தச்சரின் மனைவி பேசுவது கேட்டு நின்றார்.

"ஏங்க, கல்லுக்கு நடு எதுன்னு பார்க்கக் கோடு போட்டு ரெண்டு நாளாச்சு. சிங்கத்தை எப்பதான் செதுக்கப்போறீங்க?"

"சிங்கத்துக்கு வேற கல்லு பார்க்கணும்" என்றார் தச்சர். "இது முடிஞ்சிடுச்சு."