இன்னும் ஒரு பூச்சு

"இன்னைக்காவது குடுப்பீங்களா, இல்ல அதே எண்ணெய்க் கதைதானா?"

பட்டறை வாசலில் நின்றபடியே கேட்டார் ஓய்வுபெற்ற நீதிபதி. நீதிமன்றம் அவரை எப்போதோ விட்டுவிட்டது. அவர்தான் நீதிமன்றத்தை விடவில்லை. யாரைப் பார்த்தாலும் கூண்டில் நிற்பவரைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்.

"துப்பாக்கிக் கட்டைக்கு இன்னும் ஒரு பூச்சு பாக்கி சார். அந்தக் காலத்துல ஆளி விதை எண்ணெயை உள்ளங்கையாலதான் தேய்ச்சாங்க. வார்னிஷ் அடிச்சு முடிச்சா சரித்திரம் மன்னிக்காது."

பழைய துப்பாக்கிகளைப் புதுப்பிக்கும் பட்டறைக்காரருக்குத் தெருவில் பெயரே 'சரித்திரம்'தான். கதவுக் கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் கேட்டுப் போனாலும், கீல் தோன்றிய நூற்றாண்டிலிருந்து ஆரம்பிப்பார். வேலையில் பிழை என்று யாராவது சொன்னால் நூற்றாண்டை மாற்றிக்கொள்வாரே தவிர, பிழையை ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்காததில் ஆச்சரியமில்லை.

"மன்னிக்காட்டிப் போகுது! எங்க தாத்தாவோட வேட்டைத் துப்பாக்கிய்யா அது. மகன், மருமக, பேரப்பசங்கன்னு வீடே என்னைப் பிடுங்கி எடுக்குது. உட்கார இடமில்லாத ஹால்ல, அதை மாட்ட மட்டும் இடம் ஒழிச்சு வெச்சிருக்காங்க."

"குடுத்து வெச்சவர் சார் நீங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார் சரித்திரம்.

நீதிபதி உட்கார்ந்தார். உட்கார்ந்தால் மதியம் வரை திட்டுவார்.

உண்மையில் துப்பாக்கி வேலை போன மாதமே முடிந்துவிட்டது. இரட்டைக் குழலுக்கு அந்தக் காலத்துப் பழுப்பு அப்படியே வந்திருந்தது. கட்டையின் ஒடிந்த மூலைக்கு, அதே ரேகை ஓடும் மரத்தைத் தேடிப் பிடித்து ஒட்டியிருந்தார்; ஒட்டு இருக்கும் இடம் அவருக்கே மறந்துவிட்டது. ஆனால் கொடுத்துவிட்டால் நாளைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து திட்டக்கூட ஆளிருக்காது. அதனால்தான் காய்ந்த கட்டைக்குத் தினமும் இன்னும் ஒரு பூச்சு.

"இப்பவே குடுக்கலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்!"

சரித்திரத்திடம் அதற்குமேல் நூற்றாண்டு கைவசமில்லை. துணியில் சுற்றி நீட்டினார். நீதிபதி சற்றுத் தயங்கித்தான் வாங்கினார். அதை அணைத்தபடி தெருவில் இறங்கினார்.

அன்று மாலை சரித்திரம் அரத்தைத் துடைத்தபடி, அரம் தோன்றிய வரலாற்றை அரத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் அவருக்கே அலுத்துவிட்டது.

மறுநாள் பட்டறை திறக்கும் முன்பே நீதிபதி வந்து நின்றார்.

"என்னய்யா வேலை இது? இந்த ஸ்க்ரூவைப் பாருங்க!"

ஸ்க்ரூ தலையின் பள்ளம் பிய்ந்து, புதுக் கீறல் பளபளத்தது. சமையல் கத்தியின் முனையை விட்டுத் திருகினால்தான் அப்படிப் பிய்யும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் தனித்தனியாகத் திருப்புளி தீட்டி வைத்திருக்கும் மனிதருக்கு ரத்தம் கொதித்தது.

"சார், உங்க வீட்டுல யாரோ கை வெச்சிருக்காங்க. பேரப்பசங்க வேலையா?"

"எங்க வீட்டுல கை வைக்க யாருய்யா இருக்கா, என்னை விட்டா?"

வாழ்நாளெல்லாம் வாக்குமூலம் கேட்டவர், தானே ஒன்றைக் கொடுத்துவிட்டது புரிந்து தரையைப் பார்த்தார்.

சரித்திரம் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"என் தப்புதான் சார்" என்றார். "உட்காருங்க. சரி பண்ண நாளாகும்."